தோல்வியில் பங்காளிகள்

தமிழில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது; பல பாஷைக்காரர்களுக்கு அது கிடையாது. 'நாம்' என்று சொன்னால் எதிரே நின்று கேட்கிறவனையும் கூடச் சேர்த்துக்கொள்கிறோம். 'நாங்கள்' என்று சொன்னால் அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டு மற்றவர்களைச் சேர்த்துக்கொள்கிறோம். 'அவர்கள்' என்று சொல்லிவிட்டாலோ, நாமே வெளியே வந்து நின்றுகொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறோம். இந்த மூன்று சொற்களில் ஒரு மனிதன் எதை, எப்போது எடுக்கிறான் என்று கவனித்துக்கொண்டே வந்தால் போதும். அவனுடைய அபிமானம் எத்தனை அடி ஆழம் என்று கயிறு விடாமலே கணக்குச் சொல்லிவிடலாம்.

தெருவில் ஒரு பையன் பரீட்சையில் ஜில்லாவுக்கே முதலாவதாகத் தேறிவிட்டால் அவன் 'நம்ம தெருப் பிள்ளை'. அதே பையன் பத்து வருஷம் கழித்துச் சீட்டுக் கம்பெனி நடத்திப் பணத்தோடு ஓடிப்போனால், 'அந்தக் கோடி வீட்டுக்காரன் மகன்'. பையன் இடம் மாறவில்லை, வீடும் நகரவில்லை. நகர்ந்ததெல்லாம் சொல் ஒன்றுதான். இந்த நகர்வை நாம் பொய் என்று சொல்வதில்லை, சாமர்த்தியம் என்கிறோம். இது வெறும் சாமர்த்தியம்தானா, அல்லது அதனடியில் ஒரு தர்மசங்கடம் கிடக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வியை யோசிப்பதற்கு 2025ஆம் ஆண்டுக் கோடை எனக்கு நல்ல பாடபுத்தகமாக வாய்த்தது. அந்தக் கோடையில்தான் சென்னை சூப்பர் கிங்ஸ் என்ற கிரிக்கெட் கோஷ்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதுபோலத் தோற்றுக்கொண்டே போயிற்று. மொத்தம் 14 ஆட்டங்கள். ஜெயித்தவை 4, தோற்றவை 10. பத்துக் கோஷ்டிகள் கொண்ட பட்டியலில் பத்தாவது இடம். 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து தடவை ஐ.பி.எல். கோப்பையைத் தூக்கி வந்த கோஷ்டி அது. கடைசி இடம் எப்படி இருக்கும் என்று 2008 முதல் அதுவரை அதற்குத் தெரியாது.

எண்ணிக்கைகூடப் பெரிதில்லை, எங்கே தோற்றது என்பதுதான் அபிமானிகளைச் சுட்டது. சேப்பாக்கம் அவர்களுக்குப் புகுந்த வீடல்ல, பிறந்த வீடு. அங்கே மார்ச் 23ஆம் தேதி மும்பையை ஜெயித்து ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு அந்த மைதானத்தில் அந்தப் பருவத்தில் ஒரு ஜெயமும் இல்லை. மார்ச் 28இல் பெங்களூர் வந்து 50 ரன் வித்தியாசத்தில் வென்றது. 2008க்குப் பிறகு, பதினேழு வருஷம் கழித்து, அது அங்கே பெற்ற முதல் வெற்றி. ஏப்ரல் 5இல் டெல்லி வந்தது. 2010க்குப் பிறகு முதல் தடவையாக அங்கே ஜெயித்துக்கொண்டு போயிற்று. ஏப்ரல் 11இல் கொல்கத்தா வந்தது. அன்று சென்னை 20 ஓவர் நின்று 103 ரன்தான் எடுத்தது. கொல்கத்தா பத்து ஓவரும் ஒரு பந்துமே ஆடி அதைத் தாண்டிவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது என்றால் மிகையில்லை. ஏப்ரல் 25இல் ஹைதராபாத் வந்தது. அது சேப்பாக்கத்தில் அதற்கு முன் சென்னையை ஜெயித்ததே இல்லை. அன்று ஜெயித்தது. ஏப்ரல் 30இல் பஞ்சாப் வந்து கதவை அடைத்துப் பூட்டும் போட்டது. அந்தப் பருவத்தில் முதன் முதலாகப் போட்டியிலிருந்து விலகிய கோஷ்டி என்ற பேரும் வந்து சேர்ந்தது.

கொல்கத்தாவிடம் தோற்ற மறுநாள் காலை, சிதம்பரம் பஸ்ஸுக்காகத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பையன், செல்போனில் முந்தைய நாள் கணக்கைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவனுங்க இனிமே தேற மாட்டானுங்கண்ணே" என்றான், டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரரிடம்.

"யார்ரா தம்பி அவனுங்க?"

"சென்னைக்காரனுங்கதான்."

கடைக்காரர் கிளாஸை அவன் முன்னால் வைத்தார். "போன மாசம் பம்பாயை அடிச்ச மறுநாளு, இதே பெஞ்சு மேல ஏறி நின்னுக்கிட்டு 'நாம அடிச்சிட்டோம், எல்லாருக்கும் டீ போடுங்கண்ணே'ன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ஏழு டீ. கணக்குல 'நாம'ன்னுதான் எழுதி வச்சிருக்கேன். இன்னிக்கு நீ 'அவனுங்க'ன்னுட்டா, அந்தக் காசை நான் யார்கிட்டப் போய் வாங்கறது?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பையனும் சிரித்தான், ஆனால் பையில் கை விடவில்லை.

பெஞ்சின் அந்தக் கோடியில் பண்ருட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. "ஏலத்துல எடுத்த ஆளுங்க. இந்த வருஷம் மஞ்சச் சட்டை, அடுத்த வருஷம் நீலச் சட்டை. இதுல நாம என்னா, அவங்க என்னா? தானே புயல்ல நான் முப்பது பலா மரத்தைப் பறிகுடுத்தேன் தம்பி. அதுக்குப் பேரு தோல்வி" என்றார்.

அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று பேரும் என்னோடு பஸ் ஏறிவிட்டார்கள். பையன், கடைக்காரர், பெரியவர் ஆகிய மூவர் சொன்னதிலும் ஒவ்வொரு நியாயம் இருந்தது. அதனால்தான் தொந்தரவு.

முதலில் பெரியவரின் கட்சியை எடுத்துக்கொள்வோம், அதுதான் பலமானது. அந்தக் கோஷ்டியில் யார் யார் இருந்தார்கள்? ராஞ்சிக்காரர் தோனி. புனேக்காரர் ருதுராஜ் கெய்க்வாட். சௌராஷ்டிரத்து ஜடேஜா. ஆப்கானிஸ்தானத்து நூர் அகமது. இலங்கைப் பதிரனா. கடலூருக்கும் இவர்களுக்கும் என்ன பாந்தவ்யம்? 2024 நவம்பரில் சவூதி அரேபியாவிலுள்ள ஜெட்டா நகரத்தில் ஏலம் நடந்தது. சந்தையில் மாட்டுக்குத் துண்டு போட்டு விலை பேசுவதுகூட மறைவாக நடக்கும். இங்கே எல்லாம் வெளிப்படை. நூர் அகமது 10 கோடி, அசுவின் ஒன்பதே முக்கால் கோடி. பெரியவர் சொன்ன சட்டை மாற்றமும் வாஸ்தவம்தான். பத்து வருஷத்துக்கு மேல் மஞ்சளில் ஆடி, 2023 கோப்பையைக் கடைசிப் பந்தில் கொண்டு வந்து கொடுத்த ஜடேஜா, அந்த 2025 நவம்பரிலேயே ராஜஸ்தான் கோஷ்டிக்குப் பரிவர்த்தனையாகிவிட்டார். பதிலுக்குச் சஞ்சு சாம்சன் இங்கே வந்தார். அப்படியானால் நேற்றுவரை 'நம்ம ஜடேஜா', நாளை முதல் 'நம்ம சஞ்சு' என்று நாக்கைத் திருப்பிக்கொள்கிற ரசிகன், எதை நேசிக்கிறான்? மனிதனையா, சட்டையின் சாயத்தையா?

இந்தக் கேள்வியை நம்மைவிடக் கடுமையாகச் சந்தித்த ஊர் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. கிளீவ்லேண்டு என்று பெயர். அங்கே பிரௌன்ஸ் என்றொரு புட்பால் கோஷ்டி. நம் ஊர்க் கால்பந்து இல்லை. கூர்நுனிப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மோதிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். 1995இல் அந்தக் கோஷ்டியின் முதலாளி, கோஷ்டியை பால்டிமோர் நகரத்துக்கு எடுத்துப்போகப் போவதாக அறிவித்தார். ஊர் கொதித்தது, வழக்குப் போட்டது. முடிவில் 1996இல் ஒரு ராஜி ஏற்பட்டது. ஆட்டக்காரர்களும் சிப்பந்திகளும் பால்டிமோருக்குப் போகலாம். ஆனால் கோஷ்டியின் பெயரும், நிறங்களும், பழைய சரித்திரமும் கிளீவ்லேண்டுக்கே சொந்தம்! மூன்று பருவங்கள் அந்த ஊரில் ஆட்டமே இல்லை. வெறும் பெயரை மடியில் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். 1999இல் புதிய ஆட்களைக் கொண்டு அதே பெயரில் கோஷ்டி திரும்ப வந்தது. ஆட்களையெல்லாம் கழித்துவிட்ட பிறகும் ஏதோ ஒன்று மிஞ்சுகிறது, அதற்கு உரிமை கொண்டாட ஜனங்களுக்கு வழி உண்டு என்று முதலாளிகளே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட விந்தை அது.

நமக்கும் அப்படி ஒரு காலம் வந்தது. 2013இல் கிளம்பிய சூதாட்ட விவகாரத்தின் பேரில் 2015இல் தீர்ப்பாகி, 2016, 2017 ஆகிய இரண்டு பருவங்கள் சென்னைக் கோஷ்டி ஆடக்கூடாதென்று விலக்கி வைத்தார்கள். தோனி புனே கோஷ்டிக்குப் போனார். ரெய்னா குஜராத் கோஷ்டிக்குத் தலைவரானார். அந்த இரண்டு வருஷமும் மஞ்சள் சட்டையைப் பெட்டியில் மடித்து வைத்திருந்தவர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர். ஆட்டக்காரரைத்தான் நேசித்தார்கள் என்றால் புனே சட்டை வாங்கியிருக்க வேண்டுமே?

ஆகவே, பெரியவரே, ஆட்கள் விலைக்கு வந்தவர்கள் என்பது மெய். ஆனால் ரசிகன் வைத்திருக்கிற சரக்கு ஏலத்தில் வருவதில்லை. எத்தனையோ பேர் பல வருஷங்களாக ஒரே சமயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே சமயத்தில் விட்டார்கள் அல்லவா, அதுதான் அவனுடைய சரக்கு. அது முதலாளியின் பெட்டிக்குள் அடங்காது.

இப்படிச் சொல்வதால், அந்த 'நாம்' எல்லாவற்றிலும் பெரியது என்று எண்ணிவிடக் கூடாது. 2018இல் கோஷ்டி திரும்பி வந்தபோது, ஏப்ரல் 10ஆம் தேதி சேப்பாக்கத்து வாசலில் இந்த அளவுகோல் சோதனைக்கு வந்தது. காவிரிக்கு மேலாண்மை வாரியம் கேட்டு நாடு கொதித்துக்கொண்டிருந்த சமயம். கிரிக்கெட் ஒரு கேடா என்று எதிர்ப்பாளர்கள் கூடினார்கள். மைதானத்துக்குள் செருப்பு விழுந்தது. மீதி ஆட்டங்களைப் புனேவுக்கு மாற்றினார்கள். சென்னையிலிருந்து ரசிகர்கள் தனி ரயிலேறிப் போய்ப் பார்த்தார்கள். சிதம்பரம் காவிரியின் கடைமடை. அங்கே வாய்க்காலில் தண்ணீர் வராத விவசாயி ஒருவன் வீட்டிலேயே, அவன் மகன் மஞ்சள் சட்டையும் போட்டிருப்பான். அவனுக்கு இரண்டு 'நாம்' இருந்தன. எது பெரிது என்று அவனைக் கேட்டால், பெரியதைப் பெரியதென்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சின்ன 'நாம்' பெரிய 'நாமை' மறைக்கும்போது அபிமானம் மயக்கமாகிவிடுகிறது. ஆனால் சின்னது என்பதற்காக அது பொய்யாகிவிடாது.

இனி அந்தப் பையனிடம் வருவோம். அவன் கேட்காமல் கேட்டது இதுதான்: தோற்றவனோடு நான் ஏன் நிற்க வேண்டும்? பந்தை நான் விட்டேனா? மட்டையை நான் பிடித்தேனா? பழி எனக்கில்லையென்றால் துக்கம் மட்டும் எனக்கெதற்கு?

நல்ல கேள்வி. ஆனால் இதே நியாயம் ஜெயித்த அன்றும் செல்லும் அல்லவா? கோப்பையை அவன் தூக்கினானா? பந்தைக் காலரிக்கு மேலே அனுப்பியது அவன் கையா? உழைப்பில்லாமல் வந்த சந்தோஷத்தை எடுத்துக்கொள்ளும்போது கணக்குக் கேட்காதவன், உழைப்பில்லாமல் வந்த துக்கத்துக்கு மட்டும் ரசீது கேட்கிறான். நம் வீடுகளில் 'பங்காளி' என்றொரு சொல் உண்டு. பங்காளிக்குச் சொத்தில் பங்கு. அதனாலேயே சாவில் தீட்டு. தாத்தாவின் புன்செய்யில் கால் காணி கேட்டு வருகிறவன், தாத்தா செத்த பதினாறு நாளும் கோயில் படி மிதிக்காமலிருக்கத்தான் வேண்டும். செத்துப் போனதில் அவன் குற்றம் ஒன்றுமில்லை. இருந்தும் தீட்டு உண்டு. தீட்டு ஏற்காதவனை ஊர் பங்காளி என்று சொல்லாது. வந்து போகிற விருந்தாளி என்று சொல்லும். டீக்கடைக்காரரின் கணக்குப் புத்தகம் சொன்னதும் இந்தச் சாஸ்திரத்தைத்தான். 'நாம்' என்று எழுதிக் கடன் வாங்கியவன் 'அவனுங்க' என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆனால் பங்காளித்தனத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பையனைவிட ஆபத்தானவர்கள். இவர்கள் தோல்வியை ஏற்றுக்கொள்வதில்லை. தோல்விக்குக் கடன் வசூலிக்கப் புறப்படுகிறார்கள். 2020இலும் சென்னைக்குக் கெட்ட வருஷம். அரபு நாட்டில் நடந்த அந்தப் பருவத்தில் ஏழாம் இடம். அப்போது ஓர் ஆட்டம் தோற்றதற்காக, தோனியின் சின்னஞ்சிறு குழந்தையைக் குறித்துச் சமூக வலைத்தளத்தில் ஒருவன் எழுதிய மிரட்டலைக் கண்டு நாடே கூசிப்போயிற்று. போலீஸார் தேடிப் பிடித்தபோது அவன் ஒரு பதினாறு வயதுப் பையன். இது விசுவாசத்தின் மிகுதி என்று யாரும் மயங்க வேண்டாம். துக்கத்தைத் தானே சுமக்கத் தெம்பில்லாமல் அதை இன்னொருவன் தலையில் இறக்கி வைக்கிற கோழைத்தனம் இது. 'அவனுங்க' என்று நழுவிய கல்லூரிப் பையனும் இவனும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ஒருவன் பாரத்தைக் கீழே போடுகிறான், இன்னொருவன் எறிகிறான்.

இவற்றைவிட நுட்பமான ஒரு தவறு இருக்கிறது. அது அன்பின் வேஷத்தில் வருவதால் அதைச் சொல்லத் தயக்கமாகக்கூட இருக்கிறது.

சில வருஷங்களாகச் சேப்பாக்கத்தில் ஒரு விசித்திரம் நடந்து வந்தது. தன் கோஷ்டியின் விக்கெட் விழுந்தால் ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள்! எதிரி ஊர்க்காரர்களல்ல, மஞ்சள் சட்டைக்காரர்களே. அடுத்தபடி தோனி மட்டையோடு இறங்கி வருவார் என்பதனால். 2023இல் ஜடேஜாவே ஓர் ஆட்டம் முடிந்ததும், தாம் முன்னதாக இறங்கினால் தாம் எப்போது அவுட் ஆவோம் என்று ஜனங்கள் காத்திருப்பார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லாரும் கூடச் சிரித்தார்கள். நான் அந்தச் சிரிப்பை நெடுநேரம் யோசித்திருக்கிறேன். ஒரு தகப்பன் தன் மூத்த மகன் இடறி விழுந்தால் கைதட்டுகிறான், இளையவன் ஓடி வந்து தூக்குவான், அந்த அழகைப் பார்க்கலாம் என்று. இதற்கு என்ன பெயர்?

2025இல் தோனிக்கு 43 வயது. முழங்காலில் ஏற்கெனவே கத்தி வைத்தாயிற்று. பத்து ஓவர் ஓடியாட அந்தக் கால்கள் இடம் தரா என்று பயிற்சியாளர் பிளெமிங் வெளிப்படையாகவே சொன்னார். பெங்களூருடன் ஆடிய அன்று அவர் ஒன்பதாவது ஆளாக இறங்கினார். அதற்குள் ஆட்டம் கையை விட்டுப் போயிருந்தது. ஆனாலும் அவர் அடித்த சிக்ஸர்களுக்கு அரங்கம் அதிர்ந்தது. தோற்றது யாருக்கும் நினைவில்லாதது போலிருந்தது. பிறகு கெய்க்வாட்டுக்கு முழங்கையில் எலும்பு முறிந்து விலக நேர்ந்ததும், தலைமையும் மறுபடி அந்த 43 வயதுத் தோள்மேலேயே ஏறிற்று. மே 3ஆம் தேதி பெங்களூரில் 214 ரன் எடுக்க வேண்டிய ஆட்டத்தில் 211 எடுத்து, இரண்டு ரன்னில் தோற்றார்கள். அன்று ஆயுஷ் மாத்ரே என்ற பதினேழு வயதுப் பையன் 48 பந்தில் 94 அடித்திருந்தான். ஆட்டம் முடிந்தபின், தாம் இன்னும் ஒன்றிரண்டு அடி சரியாக அடித்திருக்க வேண்டும், பழி தம்முடையதே என்று தோனி சொன்னார்.

அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குத் தோன்றியது: பழியை அவர் எடுத்துக்கொண்டார், சரி, அவர் ஓய்வெடுக்க மாட்டாரென்றும் மூப்படைய மாட்டாரென்றும் எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு விக்கெட் விழுந்தபோதும் கைதட்டிக் கூப்பிட்டவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள்? ஒரு மனிதனை நேசிக்கிறேன் என்று சொல்லி, அவனுக்கு வயதாவதற்குக்கூட அனுமதி மறுப்பது நேசமாகாது. அவனிடமிருந்து இன்னும் கறக்க வேண்டுமென்ற ஆசை அது. நேசம் என்றால் நடந்ததை நடந்ததாகவே பார்க்க வேண்டும். தோற்றோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைச் சொல்லாமலிருப்பதற்காக ஒரு கிழச் சிங்கத்தைத் திரும்பத் திரும்பக் கூண்டுக்கு வெளியே இழுத்து வந்து கர்ஜிக்கச் சொல்வது அவனுக்கும் கௌரவமில்லை. மாத்ரேயைப் போன்ற பிள்ளைகளுக்கும் நியாயமில்லை.

அப்படியென்றால் தோல்வியை எங்கே வைப்பது? எறியவும் கூடாது, மறைக்கவும் கூடாது என்றால் வேறு இடம் ஏது?

சிதம்பரத்துக்காரர்களைக் கேளுங்கள். அவர்கள் ஊரில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. தில்லையில் சிவனும் காளியும் ஆடிய போட்டி எல்லாருக்கும் தெரிந்த கதைதான். இருவரும் சளைக்காமல் ஆடினார்கள். கடைசியில் அவன் ஒரு காலைத் தலைக்கு மேலே தூக்கி ஆடினான். பெண்ணாகிய அவள் அப்படி ஆட மனமில்லாமல் நின்றாள், நின்றதனால் தோற்றாள். ஜெயித்தவன் ஊர் நடுவே பொன்னம்பலத்தில் நின்றான். தோற்றவள் கோபத்தோடு ஊர் எல்லைக்குப் போனாள். கதை இவ்வளவுதான் என்றால் விசேஷம் ஒன்றுமில்லை. விசேஷம் ஜனங்கள் அதன்பின் செய்ததில்தான் இருக்கிறது. தோற்றவளுக்கு எல்லையிலே கோயில் எழுந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கோப்பெருஞ்சிங்கன் கட்டிய கோயில் என்பார்கள். இன்றைக்கும் நடராஜரைச் சேவித்தவர்கள், அவளையும் போய்ப் பார்த்தால்தான் யாத்திரை பூர்த்தியாகும் என்று தில்லைக் காளி சந்நிதிக்கு நடக்கிறார்கள்.

இதிலே இரண்டு நேர்மை இருக்கிறது. அவள்தான் உண்மையில் ஜெயித்தாள், நடுவர்தான் ஏமாற்றிவிட்டார் என்று அந்த ஊரில் யாரும் கதையைத் திருத்தவில்லை. தோல்வி தோல்வியாகவே சொல்லப்படுகிறது. அதே சமயம், தோற்றுவிட்டாளே என்று அவளைக் கைவிடவும் இல்லை. குங்குமம் கொண்டுபோகிறார்கள், விளக்கேற்றுகிறார்கள். உண்மையையும் விடவில்லை, உறவையும் விடவில்லை. நான் தேடிய இடம் இந்த இரண்டுக்கும் நடுவிலேதான் இருக்கிறது. தோற்றவனைப் பார்த்து 'நீ ஜெயித்தாய்' என்கிறவன் முகஸ்துதிக்காரன். 'நீ யாரோ' என்கிறவன் விருந்தாளி. 'நாம் தோற்றோம்' என்கிறவன்தான் பங்காளி.

நான் முன்னே சொன்ன கிளீவ்லேண்டுக்காரர்களுக்கும் இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது. அவர்கள் கோஷ்டி 2016 பருவத்தில் 16 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்தது. 2017 பருவத்தில் அந்த ஒன்றும் இல்லை. பதினாறுக்குப் பதினாறும் தோல்வி. 2018 ஜனவரியில், எலும்பை உறைய வைக்கும் குளிரில், ஆயிரக்கணக்கானவர்கள் விளையாட்டரங்கைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். மாசு மறுவற்ற பருவமாம். ஒரு வெற்றிகூட வந்து கெடுக்கவில்லையாம்! கேலிதான், சந்தேகமில்லை. முதலாளிமேல் கோபமும் அதில் இருந்தது. ஆனால் அந்தக் குளிரில் கோஷ்டியின் சட்டையையே போட்டுக்கொண்டு நடக்கிறவன், 'அவனுங்க' என்று சொல்லிவிட்டு வீட்டில் கணப்பருகே உட்கார்ந்திருப்பவனல்ல. அதோடு, பசித்தவர்களுக்கு உணவு கொடுக்கிற நிலையம் ஒன்றுக்கு நிதியும் சேர்த்தார்கள். தங்கள் தோல்வியைக் கேலி செய்துகொள்ளவும் பிறர் பசியை நினைக்கவும் ஒரே ஊர்வலத்தில் அவர்களுக்கு இடமிருந்தது.

பண்ருட்டிப் பெரியவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவர் சொன்ன தானே புயல் 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நம் பக்கத்தில் யார் மறந்தார்கள்? பலா மரம் ஒரு பருவத்தில் தோற்று அடுத்த பருவத்தில் ஜெயிக்கிற ஆட்டமில்லை. காய்ப்புக்கு வர வருஷங்கள் ஆகும். அந்தத் தோல்வியின் பக்கத்தில் கிரிக்கெட்டை வைத்து அளக்க எனக்கு மனம் வராது. கிரிக்கெட் ரசிகன் நல்ல அயலானாகிவிடுவான் என்று சொல்லவும் நான் துணியவில்லை. மைதானத்தில் உருகிவிட்டு, பக்கத்து வீட்டு ஓடு பறந்தபோது கதவைச் சாத்திக்கொண்டவர்களும் உண்டு.

ஆனால் அவரிடம் ஒன்று கேட்டிருப்பேன், பஸ் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால். உங்கள் மரம் சாய்ந்தபோது, தம் மரம் சாயாத எவனாவது ஒருவன் வந்து, 'நம்ம தோப்பு போயிட்டுதே' என்று சொன்னானா? சொல்லியிருந்தால், அந்த ஒரு சொல் அன்று உங்களுக்கு எவ்வளவு பெறுமானம்? அவன் புயலுக்குப் பொறுப்பாளியில்லை. மரம் அவன் நட்டதில்லை. இருந்தும் சொன்னான். பழியில்லாத இடத்தில் பங்கு கேட்கிற மனசு அது. பெரிய காரியங்களில் அந்தச் சொல் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. ஏனென்றால் சொல்லிவிட்டால் மண்வெட்டியைத் தூக்க வேண்டியிருக்கும். விளையாட்டில் சொல்வதற்குச் செலவு ஒன்றுமில்லை. செலவில்லாத இடத்திலேயே அதைச் சொல்ல மறுக்கிறவன், செலவுள்ள இடத்தில் சொல்வான் என்று எந்த நம்பிக்கையில் எதிர்பார்ப்பது?

தோற்ற கோஷ்டியோடு நின்றால் பிறகு கோப்பை கிடைக்கும் என்ற சமாதானத்தை நான் சொல்லப் போவதில்லை. 2020இல் ஏழாம் இடம், 2021இல் கோப்பை. 2022இல் ஒன்பதாம் இடம், 2023இல் கோப்பை. இந்தக் கணக்கு ரசிகர்களைக் கொஞ்சம் கெடுத்துவைத்திருந்தது. பொறுத்தால் வட்டியோடு வரும் என்று பொறுத்தவனுக்குப் பெயர் முதலீட்டாளன். கோப்பை வந்தாலும் வராவிட்டாலும் விசுவாசத்தின் நிறம் மாறக்கூடாது.

2025 மே 25ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் அகமதாபாத்தில் நடந்தது. ஜெயித்தாலும் பட்டியலில் கடைசி இடம் மாறவில்லை. அந்த ஆட்டத்தால் சென்னைக்கு ஆகவேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. பட்டியலில் முதலாவதாக நின்ற குஜராத்தை அன்று அவர்கள் 83 ரன் வித்தியாசத்தில் வென்றார்கள். கோஷ்டியெல்லாம் சறுக்கிய பருவத்திலும் நூர் அகமது தம் பங்குக்கு 24 விக்கெட் எடுத்து முடித்திருந்தார்.

அந்த வெயில் வேளையில், ஒரு லாபமும் இல்லாத அந்த ஆட்டத்தைக் கடைசிப் பந்துவரை உட்கார்ந்து பார்த்தவர்கள் கடலூரிலும் சிதம்பரத்திலும் இருந்தார்கள். பெஞ்சுமேல் ஏறி நின்று கத்துவதற்கு அதில் விஷயம் இல்லை. ஊருக்கெல்லாம் டீ சொல்லவும் முகாந்தரம் இல்லை. அந்தப் பருவம் முழுக்க அவர்கள் 'நாம் தோற்றோம், நாம் தோற்றோம்' என்று பத்துத் தடவை சொல்லியிருந்தார்கள். அதனால்தான் அன்று சாயங்காலம் அவர்கள் மெதுவாக, 'நாம் ஜெயித்தோம்' என்று சொன்னபோது அந்தச் சொல் அவர்கள் வாயில் பொருந்தியிருந்தது.